ஹார்ட் டிஸ்க் திறக்க மறுக்கிறதா? ‘ஃபார்மேட்’ பட்டனைத் தொடும் முன் இதைப் படியுங்கள்!

பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்த எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கை கம்ப்யூட்டரில் சொருகுகிறீர்கள். டிஸ்க் சொருகப்பட்டதற்கான சத்தம் கேட்கிறது. ஆனால், பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வரவில்லை. ‘இந்த டிரைவைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று விண்டோஸ் கேட்கிறது. கம்ப்யூட்டரே சொல்கிறதே என்று பலரும் சட்டென்று சம்மதம் சொல்லிவிடுகிறார்கள்.

சாதாரண ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், தவறுதலாக ‘குவிக் ஃபார்மேட்’ செய்த பிறகும் மீட்பு மென்பொருள் கொண்டு கணிசமான ஃபைல்களை எடுத்துவிடலாம். என்கிரிப்ட் செய்த, அதாவது குறியாக்கம் செய்து பூட்டிய டிஸ்க்கில் அந்த ஒரு கிளிக்கே கடைசி கிளிக்காகிவிடலாம். கல்யாண போட்டோக்கள், குழந்தையின் முதல் வீடியோ, பத்து வருஷக் கணக்கு வழக்கு எல்லாம் உள்ளேயே இருக்கும். ஆனால் யாராலும் எடுக்க முடியாது.

பூட்டிய டிஸ்க் ஏன் அடம்பிடிக்கிறது, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாஸ்வேர்டு எதைத் திறக்கிறது?

இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. நீங்கள் வைக்கும் பாஸ்வேர்டு உங்கள் ஃபைல்களை நேரடியாகப் பூட்டுவதில்லை. டிஸ்க்கை முதன்முதலில் என்கிரிப்ட் செய்யும்போது, கம்ப்யூட்டர் தானாகவே ஒரு ரகசியச் சாவியை உருவாக்குகிறது. டிஸ்க் முழுக்க அந்தச் சாவியால்தான் பூட்டப்படுகிறது. பிறகு அந்தச் சாவியை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை உங்கள் பாஸ்வேர்டால் பூட்டி, டிஸ்க்கிலேயே ஓர் ஓரமாக வைத்துவிடுகிறது.

பீரோ சாவியை ஒரு சின்ன டப்பாவில் வைத்து, அந்த டப்பாவுக்குத் தனிப் பூட்டு போட்டது மாதிரி. நம் கையில் இருப்பது டப்பாவின் சாவி மட்டும்தான். 2 டிபி டிஸ்க்கின் பாஸ்வேர்டை மாற்றினால்கூட ஓரிரு நொடிகளில் வேலை முடிந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். பீரோவை யாரும் தொடவில்லை, டப்பாவின் பூட்டு மட்டும் மாறுகிறது.

இந்த டப்பாவை ‘ஹெடர்’ என்பார்கள். டிஸ்க்கின் மொத்த அளவோடு ஒப்பிட்டால் அது கடுகளவு இடம். ஆனால், அது அழிந்தால் சரியான பாஸ்வேர்டு தெரிந்தும் பயனில்லை. ஃபார்மேட் செய்வது ஏன் ஆபத்து என்பதற்கான பதிலும் இதுதான். விண்டோஸில் பிட்லாக்கர் டிரைவை ஃபார்மேட் செய்தால், சாவி இருக்கும் இடங்கள் வேண்டுமென்றே மேலெழுதி அழிக்கப்படுகின்றன. பழைய டிஸ்க்கை விற்பவருக்கு அது பாதுகாப்பு. தவறுதலாக அழுத்தியவருக்கு அது பேரிழப்பு.

முதல் விதி: எதையும் எழுதாதீங்க

சிக்கல் என்னவென்று தெரியும் வரை டிஸ்க்கில் எதையும் எழுதும் வேலையைச் செய்யக் கூடாது. ‘ஃபார்மேட்’ கேட்டால் ‘கேன்சல்’. ‘இனிஷியலைஸ்’ கேட்டால் ‘கேன்சல்’. ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ கேட்டால் அதுவும் இப்போதைக்கு வேண்டாம். மேக் கம்ப்யூட்டரில் ‘இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை’ என்று வந்தால் ‘எஜெக்ட்’ அல்லது ‘இக்னோர்’ மட்டும் அழுத்துங்கள். டிவியில் சொருகினாலும் இதே கதைதான். பூட்டிய டிஸ்க்கைப் படிக்கத் தெரியாத சில டிவிகள், ரெக்கார்டிங்குக்காக ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். ரிமோட்டை வைத்திருப்பவர் ‘ஓகே’ கொடுத்துவிட்டால் முடிந்தது.

ஃபார்மேட் கேட்கிறது என்பதாலேயே டிஸ்க் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வெராகிரிப்ட் மென்பொருளால் முழுதாகப் பூட்டிய டிஸ்க், விண்டோஸின் கண்ணுக்கு வெறும் குப்பை எழுத்துகளாகத்தான் தெரியும். நல்ல நிலையில் இருக்கும் வெராகிரிப்ட் டிஸ்க்கைச் சொருகினாலும் விண்டோஸ் இப்படித்தான் கேட்கும். மேக்கில் பூட்டிய டிஸ்க்கை விண்டோஸில் சொருகினாலும் இதே கேள்வி வரலாம். ஆகவே, இந்த டிஸ்க்கை எந்தக் கம்ப்யூட்டரில், எந்த மென்பொருளால் பூட்டினோம் என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கே தெரியவில்லையா?

சொருகியும் எந்த அசைவும் இல்லை என்றால், பாஸ்வேர்டைப் பற்றிக் கவலைப்பட இன்னும் நேரம் வரவில்லை. முதலில் கேபிளை மாற்றுங்கள். எக்ஸ்டெர்னல் டிஸ்க் கோளாறுகளில் மிக மலிவாகத் தீர்வது இதுதான். யுஎஸ்பி ஹப் வழியாகச் சொருகாமல் கம்ப்யூட்டரில் நேரடியாகச் சொருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கத்து போர்ட் நல்லது. பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் தேவை. வேறு ஏதோ ஒரு அடாப்டர் பொருந்துகிறதே என்று சொருகிவிடாமல், அதில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே சீரான ‘உய்ங்’ சத்தம் என்றால் சரி. ‘டிக்... டிக்... டிக்’ என்று திரும்பத் திரும்பத் தட்டும் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் ஹெட் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். ‘இன்னும் ஒரு தடவை பார்ப்போம்’ என்று ஓட விடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டின் மேல் கீறல் விழலாம்.

சத்தம் சரியாக இருந்தால் விண்டோஸில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் அந்தப் பெயர் பட்டியலில் இருக்கும். டிஸ்க்கின் அளவு சரியாகத் தெரிந்து, அருகில் ‘பிட்லாக்கர் என்கிரிப்டட்’ என்று எழுதியிருந்தால் நல்ல செய்தி. டப்பா பத்திரமாக இருக்கிறது. டிரைவ் எழுத்து மட்டும் விடுபட்டிருந்தால், ஒரு எழுத்து கொடுத்தால் போதும். அளவே தெரியவில்லை, ‘நோ மீடியா’ என்கிறது என்றால் கோளாறு டிஸ்க்கின் உடலில், பூட்டில் இல்லை.

பாஸ்வேர்டு சரிதான், ஆனா ஏத்துக்கலையா?

பெட்டி வருகிறது, பாஸ்வேர்டு போட்டால் ‘தவறு’ என்கிறது. இங்கே முதல் சந்தேகம் கீபோர்டு மேல் வர வேண்டும். கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் பாருங்கள். தமிழ் கீபோர்டு ஆன் ஆகியிருந்தால் நீங்கள் தட்டும் எழுத்து வேறு, உள்ளே போகும் எழுத்து வேறு. இங்கிலாந்து கீபோர்டு அமைப்பில் ‘அட்’ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் அமெரிக்க அமைப்புக்கு நேர்மாறாக இடம் மாறியிருக்கும். வெளிநாட்டில் வாங்கிய லேப்டாப்பில் வைத்த பாஸ்வேர்டு ஊரில் உள்ள கம்ப்யூட்டரில் வேலை செய்யாமல் போக இது போதும். நோட்பேடில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

பிட்லாக்கர் என்றால் விண்டோஸ் பதிப்பையும் கவனியுங்கள். எக்ஸ்டெர்னல் டிஸ்க்குகளைப் பூட்டும் ‘பிட்லாக்கர் டு கோ’ வசதி 2009-ல் விண்டோஸ் 7-உடன் வந்தது. 2015 நவம்பரில் விண்டோஸ் 10-க்குப் புதிய குறியாக்க முறை ஒன்று சேர்ந்தது. அந்தப் புதிய முறையைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிய டிஸ்க்கை விண்டோஸ் 7, 8.1 கம்ப்யூட்டர்களில் திறக்க முடியாது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் டு கோ மூலம் பூட்ட முடியாது. ஆனால், ஏற்கெனவே பூட்டிய டிஸ்க்கைத் திறக்கலாம். எனவே, வேறொரு புதிய விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒருமுறை முயன்று பார்ப்பது நல்லது.

48 இலக்கச் சாவி எங்கே?

பாஸ்வேர்டு நிஜமாகவே மறந்துபோச்சா? பிட்லாக்கரில் இரண்டாவது சாவி ஒன்று உண்டு. டிஸ்க்கைப் பூட்டும்போதே விண்டோஸ் ஒரு 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடுத்து, எங்காவது சேமித்து வைக்கச் சொல்லியிருக்கும். பலரும் அதைப் படிக்காமலே ‘நெக்ஸ்ட்’ அழுத்தியிருப்பார்கள். ஆனால், எங்காவது ஒரு இடத்தில் சேமிக்காமல் விண்டோஸ் விட்டிருக்காது.

தேட வேண்டிய இடங்கள் நான்கு. மைக்ரோசாப்ட் கணக்கில் உள்ள மீட்புச் சாவிகள் பக்கம். பழைய கம்ப்யூட்டரின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் டெக்ஸ்ட் ஃபைல். பிரின்ட் எடுத்து ஃபைலில் சொருகிய காகிதம். அலுவலக டிஸ்க் என்றால் அலுவலக ஐடி பிரிவு. ஒருவருக்கு இரண்டு மூன்று மைக்ரோசாப்ட் கணக்குகள் இருப்பது சகஜம். பழைய இமெயில் முகவரிகளிலும் நுழைந்து பாருங்கள். சாவி கேட்கும் திரையில் ஒரு அடையாளக் குறியீட்டின் முதல் 8 எழுத்துகள் தெரியும். உங்களிடம் உள்ள சாவியின் குறியீடும் அதுவும் ஒன்றாக இருந்தால்தான் அது இந்த டிஸ்க்கின் சாவி.

கையால் எழுதி வைத்த சாவி வேலை செய்யவில்லையா? இங்கே ஒரு கணக்கு கைகொடுக்கும். 48 இலக்கங்களும் ஆறு ஆறாக 8 தொகுதிகளாக இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். உதாரணமாக, 419287 என்பதை 11-ஆல் வகுத்தால் சரியாக 38117 வரும். கடைசி 7-ஐ 1 என்று தப்பாகப் படித்து 419281 என்று போட்டால் 5 மீதி வரும். எந்தத் தொகுதியில் மீதி வருகிறதோ, அங்கேதான் எழுத்துப்பிழை. ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். செல்போன் கால்குலேட்டர் போதும்.

டப்பா பாதி சேதமாகி, சாவி சரியாக இருந்தும் டிஸ்க் திறக்கவில்லை என்றால் விண்டோஸிலேயே ‘ரிப்பேர்-பிடிஇ’ என்ற கருவி இருக்கிறது. பிட்லாக்கர் தன் ஹெடர் விவரங்களை டிஸ்க்கில் மூன்று இடங்களில் வைத்திருக்கும்; அவற்றில் மிஞ்சியதைக் கொண்டு தகவலை இன்னொரு டிஸ்க்குக்கு இது எடுத்துத் தரும். அந்த இன்னொரு டிஸ்க் சம அளவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும். அதில் ஏற்கெனவே உள்ளவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலி டிஸ்க்கையே கொடுங்கள். பாஸ்வேர்டோ மீட்புச் சாவியோ இல்லாமல் இந்தக் கருவியாலும் பயனில்லை.

வெராகிரிப்ட் பயன்படுத்தியவர்களுக்கு...

வெராகிரிப்ட் காட்டும் பிழைச் செய்தி பலரைக் குழப்புகிறது. பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம், பிஐஎம் எண் தவறாக இருக்கலாம், அல்லது இது வெராகிரிப்ட் டிஸ்க்கே இல்லாமல் இருக்கலாம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லும். மென்பொருள் மழுப்பவில்லை. அதற்கே தெரியாது. ஹெடரும் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், திறந்தால்தான் அது ஹெடர் என்றே தெரியும்.

எனவே நாமாகச் சோதிக்க வேண்டியவை சில உண்டு. முழு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தீர்களா, அதன் உள்ளே இருக்கும் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்தீர்களா? எதைப் பூட்டினோமோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பாஸ்வேர்டோடு கீஃபைல் ஏதும் வைத்தீர்களா? பிஐஎம் எண் கொடுத்தீர்களா? டிஸ்க் ரொம்பப் பழையது என்றால், அது வெராகிரிப்டின் முன்னோடியான ட்ரூகிரிப்டில் பூட்டியதாக இருக்கலாம். ட்ரூகிரிப்ட் 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. 2023-ல் வந்த வெராகிரிப்ட் 1.26 பதிப்பு, ட்ரூகிரிப்ட் டிஸ்க்குகளைத் திறக்கும் வசதியை நீக்கிவிட்டது. அவற்றைத் திறக்க 1.25.9 பதிப்பு வேண்டும்.

இவை எல்லாம் சரி, இன்னும் திறக்கவில்லை என்றாலும் ஒரு வழி பாக்கி இருக்கிறது. வெராகிரிப்ட், ஹெடரின் நகல் ஒன்றைப் பூட்டிய பகுதியின் கடைசியிலும் வைத்திருக்கும். முன்பக்கம் யாரோ தவறுதலாக எதையோ எழுதிவிட்டாலும் பின்பக்க நகல் பல நேரம் தப்பித்துவிடும். டிஸ்க்கைத் திறக்கும்போது ‘மவுன்ட் ஆப்ஷன்ஸ்’ பகுதியில், உள்ளே பதிந்துள்ள நகல் ஹெடரைப் பயன்படுத்தும் தேர்வையும் ‘ரீட் ஒன்லி’ தேர்வையும் டிக் செய்து முயலுங்கள். திறந்துவிட்டால், வேறு எதையும் செய்யும் முன் ஃபைல்களை இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி செய்துவிடுங்கள்.

லேப்டாப்பில் இருந்து கழற்றிய டிஸ்க்

லேப்டாப் பழுதாகிவிட்டது, மெக்கானிக் உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டுக் கொடுத்தார், சொருகினால் 48 இலக்கச் சாவி கேட்கிறது. ‘நான் பாஸ்வேர்டே வைக்கலையே’ என்று அதிர்ச்சி அடைபவர்கள் உண்டு. விண்டோஸின் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ வேலை அது. மைக்ரோசாப்ட் கணக்குடன் புது லேப்டாப்பைத் தொடங்கும்போதே இது தானாக ஆன் ஆகிவிடும். 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பில் இது இன்னும் அதிகமான கம்ப்யூட்டர்களுக்கு விரிந்தது.

வழக்கமாக லேப்டாப்பின் மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்புதான் சத்தமில்லாமல் பூட்டைத் திறந்து கொடுக்கும். டிஸ்க் வேறு இடத்துக்குப் போனதும் சிப் கூட வருவதில்லை. விண்டோஸில் நுழையப் பயன்படுத்திய பின் நம்பரும் இங்கே உதவாது. லேப்டாப்பைத் தொடங்கியபோது பயன்படுத்திய மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால் மீட்புச் சாவி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இதற்கு இன்னொரு வடிவமும் இருக்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை பாஸ்போர்ட்’ வரிசையில் பல மாடல்களில், டிஸ்க்கோடு வரும் சின்ன யுஎஸ்பி சர்க்யூட் போர்டே குறியாக்கத்தைச் செய்கிறது. நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் உள்ளே தகவல் குறியாக்கம் ஆகித்தான் இருக்கும். போர்ட் பழுதானால், டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கேஸில் போட்டுப் பயனில்லை. பழைய போர்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டப்பாவோடு முழுதாக எடுத்துச் செல்லுங்கள்.

திறக்கிறது, ஆனால் ஃபைல் இல்லை

பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, ஆனால் ‘ரா’ என்று காட்டுகிறது அல்லது ஃபோல்டர் காலியாக இருக்கிறது. கேட்கப் பயமாக இருந்தாலும், இருப்பவற்றில் இது கொஞ்சம் நல்ல செய்தி. பூட்டு திறந்துவிட்டது. இனி இது சாதாரண டிஸ்க் கோளாறுதான். சாதாரண மீட்பு மென்பொருளே வேலை செய்யும். சேஃப்லி ரிமூவ் செய்யாமல் பிடுங்கியதும் காப்பி ஆகும்போது மின்சாரம் போனதும் இதற்கு வழக்கமான காரணங்கள்.

அவசரப்பட்டு ‘செக் டிஸ்க்’ ஓட்டாதீர்கள். அது சரிசெய்கிறேன் என்று டிஸ்க்கில் எழுதும். முதலில் டிஸ்க்கை அப்படியே நகல் எடுங்கள். லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ‘டிடிரெஸ்க்யூ’ கருவி, படிக்க முடியாத இடங்களைத் தாண்டிச் சென்று மற்றதை எல்லாம் முதலில் எடுத்துவிடும். பூட்டிய நிலையிலேயே முழு டிஸ்க்கையும் நகல் எடுத்தாலும், பிறகு அதே பாஸ்வேர்டால் அந்த நகலைத் திறக்க முடியும். மீட்பு வேலை எதுவானாலும் அந்த நகலில் செய்யுங்கள். மீட்ட ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் சேமியுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

டிக் டிக் சத்தம், தண்ணீர் பட்டது, கீழே விழுந்தது என்றால் வீட்டில் ஆராய்ச்சி வேண்டாம். டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். டிஸ்க்கின் மூடியைச் சாதாரண அறையில் திறக்க விடாதீர்கள். ஒரு தூசி போதும் தட்டைக் கெடுக்க.

மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் வேலை செய்வீர்களா? தகவல் கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்டணம்? பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருவீர்களா? என்கிரிப்ட் ஆன டிஸ்க் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் பூட்டிய நிலையிலேயே நகல் எடுத்துத் தரச் சொல்லி, பாஸ்வேர்டை வீட்டில் வந்து நீங்களே போட்டுத் திறக்கலாம்.

‘பாஸ்வேர்டு இல்லாமலே உடைச்சுத் தர்றோம் சார்’ என்று யாராவது சொன்னால் உஷார். 128 பிட் சாவியில் சாத்தியமான எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும். அதை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாத காரியம். பாஸ்வேர்டில் பாதி நினைவிருந்தால், மீதியை மென்பொருள் கொண்டு ஊகிக்க முயலலாம். அதற்கு வாய்ப்பு இருக்கிறது. எதுவுமே நினைவில்லை, மீட்புச் சாவியும் இல்லை என்றால் நேர்மையான கடைக்காரர் கையை விரிப்பார்.

பணம் இருந்தாலும் நிலைமை இதுதான். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த புரோகிராமர் ஸ்டெஃபான் தாமஸின் கதை 2021 ஜனவரியில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 7,002 பிட்காயினுக்கான சாவி, ‘அயர்ன்கீ’ என்ற பூட்டிய பென் டிரைவ் போன்ற கருவியில் இருந்தது. அன்றைய மதிப்பு சுமார் 22 கோடி டாலர். பாஸ்வேர்டு எழுதிய காகிதம் தொலைந்துபோனது. 10 முறை தவறினால் தன்னைத்தானே பூட்டி அழித்துக்கொள்ளும் கருவி அது. அப்போது அவர் 8 வாய்ப்புகளைப் பயன்படுத்தி முடித்திருந்தார். பிட்லாக்கர், வெராகிரிப்டில் இப்படி எண்ணிக்கை வரம்பு கிடையாது, நிதானமாக முயலலாம். ஆனால், கருவியிலேயே பூட்டு உள்ள டிஸ்க் என்றால், வரம்பு எத்தனை என்று தெரியாமல் ஊகத்தில் தட்டாதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

திருடனுக்கும் மறந்துபோன உரிமையாளருக்கும் என்கிரிப்ஷன் வித்தியாசம் பார்ப்பதில்லை. அதனால், டிஸ்க் நன்றாகத் திறக்கும் நாளிலேயே சில வேலைகளை முடித்துவிடுவது நல்லது.

மீட்புச் சாவியை இரண்டு பிரதி பிரின்ட் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று பத்திரங்கள் இருக்கும் ஃபைலில், இன்னொன்று வேறு வீட்டில். அந்தச் சாவியை அதே டிஸ்க்குக்குள் மட்டும் சேமித்து வைப்பது, வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டியதற்குச் சமம். வெராகிரிப்ட் என்றால் ‘டூல்ஸ்’ பகுதியில் ‘பேக்கப் வால்யூம் ஹெடர்’ கொடுத்து, வரும் சின்ன ஃபைலை வேறு இடத்தில் வையுங்கள். டிஸ்க்கின் மேல் ‘பிட்லாக்கர்’ அல்லது ‘வெராகிரிப்ட் - ஃபார்மேட் செய்யாதே’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் வீட்டில் யாரும் தவறுதலாக அழுத்த மாட்டார்கள். முக்கியமான ஃபைல்கள் ஒரே டிஸ்க்கில் மட்டும் இருக்கக் கூடாது.

இன்னொரு வேலை, பலரும் தள்ளிப்போடுவது. டிஸ்க்கில் என்ன இருக்கிறது, சாவி எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். பூட்டியவர் இல்லாமல் போன பிறகு, அவர் எடுத்த குடும்பப் போட்டோக்கள் அத்தனையும் இருக்கும் டிஸ்க்கை வைத்துக்கொண்டு திறக்க வழியில்லாமல் நிற்கப்போவது அவர்கள்தான். சாவி இருக்கும் இடத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர்கள் கையில் கொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.